சாஸ்திரமும் தெய்வ பயமும்

(கழுகுமலையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், "சாஸ்திரத்துக்கு அடங்கி, தெய்வத்துக்குப் பயந்து நடப்பதே நல்வாழ்வு" என்று நமக்குக் காலகாலமாய்ச் சொல்லப்பட்டு வரும் உபதேசத்தைப் பற்றியதாகும். இதைக் கோவில் மண்டபத்தில் புராணம் படிக்கிறவரும் சொல்லுகிறார். மாதா கோவிலில் பிரசங்கம் செய்கிற பாதிரியாரும் சொல்லுகிறார். பள்ளிவாசலில் ஓதுகிறவரும் சொல்லுகிறார். மற்ற எல்லா விஷயத்திலும் "உன்னுடையது பொய், என்னுடையது மெய்" என்று சண்டை போட்டுக்கொள்ளும் இவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் பங்காளிகள் போல் ஒற்றுமையாயிருக்கிறார்கள். ஆகையால் இதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டியது நமது கடமையாகும்.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. சமஸ்கிருதம் எனக்குத் தெரியாது. கையில் கிடைத்த புஸ்தகங்களையும் பழைய கோர்ட்டு வழக்குகளையும் படித்து, பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுவேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் புத்தியில் போட்டு அலசிப் பார்த்து, சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

இன்று நான் கடவுள் உண்டா, இல்லையா என்ற வாதத்துக்கு வரப்போவதில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். "சாஸ்திரப்படி நடந்தோமே, சாமிக்குப் பயந்தோமே, அதனால் நமக்கு வரவு என்ன, செலவு என்ன?" என்று ஒரு வியாபாரி பேரேட்டைப் பார்க்கிற மாதிரி கணக்குப் பார்ப்பதே என் வேலை. அந்தக் கணக்கைக் காசியிலோ ரோமாபுரியிலோ போய்ப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே பார்க்கலாம்.

எந்த சாஸ்திரம்?

முதலில், சாஸ்திரத்துக்கு அடங்கு என்றால் எந்த சாஸ்திரத்துக்கு? தயவு செய்து உங்கள் மலையைத் திரும்பிப் பாருங்கள். 1200 வருஷங்களுக்கு முன்னே, பாண்டியர் காலத்தில், இந்த மலை சமணர்களுடைய பெரிய ஸ்தலமாயிருந்தது. பாறையில் நூற்றுக்கு மேற்பட்ட சமண உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவைகளின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பேர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அதில் குரத்தியார் என்ற பெண் ஆசிரியர்களின் பேர்களும் இருக்கின்றன. அதே மலையில், ஏறக்குறைய அதே காலத்தில், ஒரே பாறையைக் குடைந்து வெட்டுவான் கோவில் என்ற சிவன் கோவிலை ஆரம்பித்து, முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். மலையடிவாரத்தில் இன்றைக்குக் கழுகாசலமூர்த்தி கோவில் இருக்கிறது. ஊருக்குள்ளே வேதக் கோவிலும் வந்தது.

ஒரே மலை, ஒரே கல், ஒரே ஊர் ஜனங்கள். ஆனால் சாஸ்திரம் மாத்திரம் நாலு. சமண உருவத்துக்குக் காசு கொடுத்த குயவனும் தச்சனும் "எங்கள் சாஸ்திரந்தான் சத்தியம், இதை மீறினால் நரகம்" என்று உண்மையாகவே பயந்து நடந்திருப்பான். இன்று நீங்கள் அந்த உருவத்தின் முன்னே போய் நின்றால் உங்களுக்குப் பயம் வருகிறதா? பக்தி வருகிறதா? "பழைய சிற்பம், நன்றாயிருக்கிறது" என்று பார்த்துவிட்டு இறங்கி வருகிறீர்கள். அப்படியானால் பயம் கல்லில் இல்லை; சத்தியத்திலும் இல்லை; சின்ன வயதில் நமக்கு ஊட்டினவர்கள் எதைச் சொல்லி ஊட்டினார்களோ அதில் இருக்கிறது என்பது விளங்கவில்லையா?

1895

இனி இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். அப்போது கோவில் எட்டயபுரம் ஜமீன் நிர்வாகத்தில் இருந்தது. இந்த ஊர் நாடார்கள் வியாபாரத்தில் முன்னுக்கு வந்து கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? ஜமீன் வேண்டுமென்று கேட்டார்களா? கோவில் நகை வேண்டுமென்று கேட்டார்களா? "எங்கள் கலியாண ஊர்வலம் ரதவீதி வழியாய்ப் போகவேண்டும்" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். மாடு போகிற தெரு. வண்டி போகிற தெரு. அந்தத் தெருவில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை போகக்கூடாதாம். ஏன் என்றால் சாஸ்திரமாம், மாமூலாம். கோர்ட்டுக்குப் போனார்கள், பலன் இல்லை. கடைசியில் அவர்களில் ஒரு பகுதியார், "உங்கள் சாமியும் வேண்டாம், உங்கள் சாஸ்திரமும் வேண்டாம்" என்று கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்கள். தேரோடும் தெருவிலேயே வீடு வாங்கி ஜபக்கூடம் வைத்து, அதன் முன்னே பந்தலும் போட்டார்கள்.

1895-ம் வருஷம் பங்குனி உத்திரத் தேர் வந்தது. தேர் போகப் பந்தல் தடை என்றார்கள் ஜமீன் பக்கத்தார். பந்தலைப் பிரிக்க மாட்டோம் என்றார்கள் இவர்கள். வாய்ச்சண்டை கைச்சண்டையாயிற்று. ஜமீன் மானேஜர் குத்திக் கொல்லப்பட்டார். அதன் மேல் நாடார் வீடுகள் கொளுத்தப்பட்டன. பல உயிர்கள் போயின.

தோழர்களே! எந்த ஜாதியார் எந்த ஜாதியாரைக் கொன்றார்கள் என்று பழங்கணக்குப் பார்க்க நான் வரவில்லை. அந்தப் பகையைக் கிளப்புகிறவன் நமக்கு விரோதி. நான் கேட்பது வேறு. அன்றைக்குக் கத்தி எடுத்தவனில் எவனாவது தெய்வ பயம் இல்லாதவன் உண்டா? தீ வைத்தவனில் எவனாவது சாஸ்திரத்தை மறுத்தவன் உண்டா? தேர் இழுக்க வந்தவன் விரதம் இருந்து வந்தான். பந்தலுக்குக் காவல் நின்றவன் ஜபம் செய்துவிட்டு நின்றான். இரண்டு பக்கத்திலும் தெய்வ பயம் நிறைந்திருந்தது. மனிதனுக்கு மனிதன் காட்ட வேண்டிய இரக்கம் மாத்திரம் இல்லாமற் போயிற்று. "தெய்வ பயம் இருந்தால் மனிதன் பாவம் செய்ய மாட்டான்" என்கிறவர்கள் இந்த ஒரு நாளுக்குப் பதில் சொல்லட்டும்.

சாமியின் தீட்டு என்ன விலை?

சரி, "மதம் மாறினதால் வந்த வினை, சாஸ்திரத்துக்குள்ளேயே இருந்து நியாயம் கேட்டிருக்கலாம்" என்று சிலர் சொல்லலாம். அப்படியும் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டே வருஷத்தில், 1897-ல், கமுதியில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் போய்ப் பூஜை செய்தார்கள். அவர்கள் சாமியை அவமதிக்கப் போகவில்லை, கும்பிடப் போனார்கள். மாலை கொண்டு போனார்கள். அதற்காக ராமநாதபுரம் ராஜா வழக்குத் தொடர்ந்தார். நாடார்கள் கோர்ட்டில், "நாங்களும் க்ஷத்திரியர், எங்களுக்கும் சாஸ்திரத்தில் இடம் உண்டு" என்று சாட்சிகளும் ஏடுகளும் கொண்டுவந்து வாதாடினார்கள். எதிர்ப் பக்கத்தார் ஆகமத்தையும் வழக்கத்தையும் காட்டினார்கள். சாமி தீட்டாகிவிட்டது, சுத்தி செய்ய 2,500 ரூபாய் வேண்டும் என்று கேட்டார்கள். 1899-ல் மதுரைக் கோர்ட்டு, நாடார்களுக்குக் கோவிலுக்குள் போகப் பாத்தியதை இல்லை என்றும், தீட்டுக் கழிக்க 500 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்புச் சொல்லிற்று.

யோசித்துப் பாருங்கள்! மூன்று லோகத்தையும் சுத்தப்படுத்துகிற சாமி, ஒரு மனிதன் மாலையோடு உள்ளே வந்ததால் அசுத்தமாகிவிட்டது. அந்த அசுத்தத்துக்கு விலை 2,500 என்றார்கள். கோர்ட்டில் பேரம் படிந்து 500 ஆயிற்று. சந்தையில் மாட்டுக்குத் துண்டு போட்டு விலை பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதோடு நிற்கவில்லை. அதே 1899-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சிவகாசி தாக்கப்பட்டது. அங்கேயும் சண்டையின் மூலம் கோவில் பிரவேசந்தான். கமுதி வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று, அங்கும் தோல்வி. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1908-ல் அங்கும் தோல்வி. கடல் தாண்டி இருக்கிற வெள்ளைக்கார ஜட்ஜுகள்! மாட்டு மாமிசம் சாப்பிடுகிறவர்கள்! அவர்கள் இங்கே வந்தால் கருப்பக்கிரகத்துக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் உட்கார்ந்து, இந்த நாட்டிலே பிறந்து, இந்தச் சாமியையே குலதெய்வமாகக் கும்பிடுகிறவன் உள்ளே போகலாமா, கூடாதா என்று தீர்மானித்தார்கள். சாஸ்திரமும் சர்க்காரும் கைகோத்துக்கொண்டால் ஏழைக்கு எங்கே நியாயம்?

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. சாஸ்திரத்தைக் கொண்டே சாஸ்திரத்தை ஜெயிக்கலாம் என்பது, பூட்டினவனிடமே போய்ச் சாவி கேட்பது போலாகும். "எனக்கு மேல்படியில் இடம் கொடு" என்று கேட்கிறவன், படிக்கட்டு நியாயந்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்கிறான். அப்புறம் தனக்குக் கீழே நிற்கிறவனைப் பற்றி அவன் வாய் திறக்க முடியுமா?

வேறு சாஸ்திரத்துக்கு மாறினால்?

மதம் மாறினவர்கள் கதையையும் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஒரு ஊர். அங்கே கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களில் வேளாளரும் உண்டு, நாடாரும் உண்டு. எல்லோரும் ஆதாமின் பிள்ளைகள் என்பது அவர்கள் வேதம். ஆனால் 1872-ல் எழுந்த கோவிலையோ, கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு பிரிவாகக் கட்டினார்கள், ஒரு காலில் ஒரு ஜாதி, மற்றொரு காலில் மற்றொரு ஜாதி, நடுவே சுவர். ஒரே பூசையை இரண்டு ஜாதியும் ஒருவரையொருவர் பாராமல் கேட்டார்கள். அந்தச் சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் சண்டை, அதற்கும் வழக்கு. செத்தவனைப் புதைக்கிற கல்லறையில்கூட ஜாதிச் சுவர் எழுப்பின ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

ஒன்று மாத்திரம் நியாயமாய்ச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ மிஷனெரிகள் தங்கள் புஸ்தகத்தைத் தமிழில் அச்சடித்து ஜனங்கள் கையில் கொடுத்தார்கள். 1715-லேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. நம்முடைய தர்ம சாஸ்திரக்காரர்களோ, கௌதம தர்ம சூத்திரத்தில், வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்லுகிறார்கள். படிக்கக் கூடாது, கேட்கக் கூடாது. ஆனால் அதற்கு அடங்கி மாத்திரம் நடக்க வேண்டுமாம்! படித்துக் காட்டாத பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிற லேவாதேவிக்காரனை நாம் மோசக்காரன் என்கிறோம். இதற்கு என்ன பேர் வைப்பது?

கதவைத் திறந்தது யார்?

அப்படியானால் கடைசியில் கதவைத் திறந்தது யார்? சாஸ்திரம் திருந்தினதா? சாமி கனவில் வந்து உத்தரவு கொடுத்ததா? இல்லை. 1924-ல் வைக்கத்தில் தெருவில் நடக்கிற உரிமைக்காக ஜனங்கள் ஜெயிலுக்குப் போனார்கள், பெரியார் போனார். 1936-ல் திருவாங்கூரில் கோவில் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சி கோவிலில் வைத்தியநாதய்யர் ஆதிதிராவிடரையும் நாடாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வருஷமே அதைக் காப்பாற்றச் சட்டம் வந்தது. 1947-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் கோவில் பிரவேசச் சட்டம் வந்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது. சாஸ்திரத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மனிதன் மாறினான், சட்டத்தை மாற்றினான். 1908 வரைக்கும் தீட்டான சாமி, 1947-க்கு மேல் தீட்டாகவில்லை! தீட்டு சாமியிடத்தில் இருந்திருந்தால் சட்டத்துக்குப் பயந்து அது ஓடிப்போயிருக்குமா?

கலியாண விஷயமும் இப்படித்தான். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் 1928-ல் புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைக் கலியாணம் நடந்தது. ஆணும் பெண்ணும் ஒப்பி, ஊரறிய மாலை மாற்றிக்கொண்டார்கள். 1953-ல் ஐகோர்ட்டு இப்படிப்பட்ட கலியாணம் சாஸ்திரச் சடங்கு இல்லாததால் செல்லாது என்றது. 25 வருஷம் குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்று வளர்த்தவர்களை, "உங்கள் கலியாணம் கலியாணமே அல்ல" என்று சொன்னது சாஸ்திரம்! 1967-ல் சட்டசபையில் சட்டம் செய்து அந்த இழிவைத் துடைக்க வேண்டியதாயிற்று.

பயம் செய்த வேலை

இனி பயத்தைப் பற்றிப் பேசுகிறேன். வைசூரி என்ற நோயைப் பெரியவர்கள் அறிவார்கள். அதற்கு நோய் என்று பேர் சொல்லக்கூடப் பயந்து "அம்மை" என்றோம். "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்றோம். மருந்து கொடுத்தால் ஆத்தாள் கோபிப்பாள் என்று வேப்பிலையைக் கட்டிவிட்டுச் சும்மாயிருந்தோம். 1796-ல் ஜென்னர் என்ற இங்கிலீஷ் வைத்தியர் பால்காரிகளுக்கு வருகிற மாட்டம்மையைக் கவனித்துப் பார்த்து, அதைக் குத்தினால் வைசூரி வருவதில்லை என்று கண்டுபிடித்தார். அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தால், தெய்வ பயமுள்ள தாய்மார்கள் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். அப்படி ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை கண்ணிழந்தனவோ, எத்தனை மண்ணுக்குப் போயினவோ! அந்தத் தாய் பிள்ளை மேல் அன்பில்லாதவளா? அல்ல, அல்ல. அன்பு இருந்தது; பயம் அந்த அன்பின் கையைக் கட்டிவிட்டது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் வைசூரி இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிவிட்டது. ஆத்தாள் எங்கே போனாள்? ஊசிக்குப் பயந்து போய்விட்டாளா?

நம்முடைய கரிசல் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழை தவறினால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. மழை இல்லாவிட்டால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாய் இழுத்து மாரடித்து அழுதோம். அதன் அர்த்தம் என்ன? "நாங்கள் பாவிகள், அதனால் மழை இல்லை" என்பது. பட்டினி கிடக்கிறவனே தன்னைக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ளுகிறான்! கண்மாய் ஏன் மேடுதட்டிப் போயிற்று, மடையை ஏன் பழுது பார்க்கவில்லை, வாங்கின தீர்வையெல்லாம் எங்கே போயிற்று என்று ஜமீனைக் கேட்டிருக்க வேண்டிய வாய், கொடும்பாவிக்கு ஒப்பாரி வைத்தது. தெய்வ பயத்தால் யாருக்கு லாபம் என்பது இப்போது தெரிகிறதா? பயப்படுகிறவன் கேள்வி கேட்க மாட்டான். கேள்வி கேட்காதவனை ஆளுவது சுலபம்.

இரண்டு சீட்டுகள்

இங்கே இரண்டு தோழர்கள் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம். கேள்வி கேட்பதுதான் மனிதனுக்கு அழகு.

முதல் சீட்டு: "தெய்வ பயம் இல்லாவிட்டால் எல்லோரும் திருடனும் விபசாரியுமாய்ப் போக மாட்டார்களா?"

தோழரே, கோவில் உண்டியலுக்கு ஏன் பூட்டு? சாமியின் கண்ணெதிரே இருக்கிற பணத்தைச் சாமிக்குப் பயந்து யாரும் தொடமாட்டார்கள் என்று நிர்வாகிகளே நம்பவில்லையே! நீங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை கிணற்றில் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிறீர்கள். நரகத்துக்குப் பயந்தா தூக்குகிறீர்கள்? களத்தில் குவித்த கம்புக்கு அயலான் காவல் இருக்கிறான். எந்த சாஸ்திரத்தைப் பார்த்து? "இன்று இவனுக்கு, நாளை எனக்கு" என்ற அறிவும், கூடப் பிறந்த இரக்கமுமே மனிதனை மனிதனாய் வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் பிராட்லா என்ற நாஸ்திகர் 1880-ல் பார்லிமெண்டு மெம்பராய்த் தெரிந்தெடுக்கப்பட்டார். கடவுள் பேரில் பிரமாணம் செய்கிற விஷயத்தில் தகராறு வந்து 1886 வரையில் அவரைச் சபையில் உட்கார விடவில்லை. கடைசியில் 1888-ல் அவரே, கடவுள் பேரைச் சொல்லாமல் உறுதிமொழி சொல்லலாம் என்ற சட்டத்தை நிறைவேற்றி வைத்தார். இந்தியாவிலும் 1969-ம் வருஷத்துப் பிரமாணச் சட்டப்படி உறுதிமொழி போதும். கடவுள் பேரில் சத்தியம் செய்துவிட்டுப் பொய்ச் சாட்சி சொல்லுகிறவர்களை நீங்கள் கோர்ட்டு வாசலில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"சட்டத்துக்கு மாத்திரம் பயப்படலாமா?" என்று கேட்பீர்கள். சட்டம் மனிதன் செய்தது. ஏன் செய்தாய் என்று கேட்கலாம், தப்பாயிருந்தால் மாற்றலாம். 1908-ல் தப்பாய்ச் சொன்னதை 1947-ல் மாற்றினோம். 1953-ல் சொன்னதை 1967-ல் மாற்றினோம். சாஸ்திரத்தைக் கேட்கவும் கூடாது, மாற்றவும் கூடாது. இதுதான் வித்தியாசம்.

இரண்டாவது சீட்டு: "சாஸ்திரத்தில் நல்லதும் இருக்கிறதே, நல்லதை எடுத்துக்கொண்டால் என்ன?"

தாராளமாய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இது நல்லது, இது கெட்டது என்று பொறுக்குவது எது? உங்கள் புத்தியல்லவா? அப்படியானால் புத்திதான் எஜமான், சாஸ்திரம் அதன் முன்னே நிற்கிற சாட்சி என்று ஒப்புக்கொண்டு விட்டீர்கள். இதைத்தான் நானும் இவ்வளவு நேரமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் இயக்கத்துப் புஸ்தகங்களுக்கும் இதே விதிதான். அவைகளையும் இன்னொரு வேதமாக்கிப் பூட்டி வைத்தால் நாங்கள் பாடுபட்டதெல்லாம் வீண்.

இன்னும் பாக்கி

இதெல்லாம் பழங்கதை, இப்போது என்ன குறை என்று நினைத்துவிடாதீர்கள். 1970-ல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்கள். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. ஆனால் ஆகமத்தை மீறக்கூடாது என்றும் சொன்னது. 2021 ஆகஸ்டில், பயிற்சி பெற்ற பல ஜாதியாரும் அர்ச்சகராய் நியமிக்கப்பட்டார்கள். 2022-ல் ஐகோர்ட்டு, ஆகமக் கோவில்களில் ஆகமப்படியே நியமனம் என்றது. வாசற்படியைத் தாண்டிவிட்டோம், கருப்பக்கிரகத்தின் நிலைப்படியில் சாஸ்திரம் இன்னும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இதைவிட முக்கியமானது நம் தெருக் கணக்கு. ஒரு காலத்தில் ரதவீதி மறுக்கப்பட்டவர்கள், தங்கள் தெருவில் ஆதிதிராவிட மாப்பிள்ளை ஊர்வலம் வந்தால் என்ன செய்கிறார்கள்? மறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இதற்குப் பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் மனதுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். மேலே இருக்கிறவன் காலைத் தட்டிவிடுவது மாத்திரம் சுயமரியாதை ஆகாது. நம் கால் எவன் தோள் மேல் இருக்கிறது என்று பார்த்து இறக்கிக்கொள்ளுவதும் சுயமரியாதைதான்.

ஆகவே, தோழர்களே! நான் கேட்டுக்கொள்ளுவதெல்லாம் இவைதான். எந்தப் புஸ்தகத்தையும் படியுங்கள், எதற்கும் படிக்காமல் அடங்காதீர்கள். பிள்ளைகளைப் பூச்சாண்டி காட்டியும் சாமி காட்டியும் வளர்க்காதீர்கள். கேட்கிற கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்லுங்கள். வீட்டுக் கலியாணத்தைப் பொருள் தெரியாத மந்திரம் இல்லாமல், பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு, சிக்கனமாய் நடத்துங்கள். அந்தச் செலவில் ஒரு பெண் குழந்தையைப் படிக்க வையுங்கள். எந்த ஜாதியான் உங்கள் தெருவில் நடந்தாலும் அவன் தெருவில் நடக்கிறான் என்று மாத்திரம் நினையுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, பிறகும் உங்களுக்குச் சாமி வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபனை இல்லை. அந்தச் சாமிக்குத் தீட்டும் இராது, உங்களுக்குப் பயமும் இராது.